சும்மா உட்கார ஓர் இடம்

எங்கள் தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கு வேலைக்கு வந்து, வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, முதல் மாதச் சம்பளமும் வாங்கிய பிறகு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நல்ல மெஸ் எது, துணி எங்கே மலிவு என்பதெல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இது வேறு. "அண்ணே, இந்த ஊர்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்னா எங்கிட்டுண்ணே போறது?" பெரியகுளமோ சின்னமனூரோ கம்பமோ, எந்த ஊர்ப் பிள்ளையானாலும் சொல்லி வைத்தாற்போல இதையே கேட்கிறார்கள்.

மெரினா என்று சொல்லிவிடலாம். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அங்கே மணல் காலைப் பொசுக்கும். மாலையில் போனால் சுண்டல் விற்பவர், பலூன் சுடச் சொல்பவர், கைரேகை பார்ப்பவர் என்று ஆள் மாற்றி ஆள் வந்து கூப்பிடுவார்கள். பாவம், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் சும்மா உட்கார வந்தவனுக்கு அது இடமாகாது. ஆகவே நான் பாரிமுனைப் பக்கம் ஓர் இடத்தைச் சொல்லி அனுப்புவேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டியவர்களும் உண்டு. உட்கார இடம் கேட்டவனைக் கல்லறைக்கு அனுப்பினால் திட்டாமல் என்ன செய்வான்? அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊரில் இருந்தவரை இந்தப் பிள்ளைகள் யாரும் தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. இடத்துக்கா பஞ்சம்? வராக நதி பெரியகுளத்தை வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. பாலசுப்பிரமணியர் கோயில் பக்கம் இரு கரையிலும் எதிரெதிராக மருத மரங்கள். ஒன்று ஆண், மற்றது பெண் என்பது ஊர் நம்பிக்கை; இரண்டுக்கும் நடுவே ஆற்றில் முங்கி எழுந்தால் காசிக்குப் போன பலன் என்பார்கள். (மருதம்பூ ஒன்றுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் உண்டு என்கிறது தாவரவியல். அதை அந்தப் படித்துறையில் நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.) மேற்கே சோத்துப்பாறை அணைக்குப் போகிற வழியெல்லாம் மாந்தோப்பு. காசா, கல்லாமை, செந்தூரம் என்று குத்தகைக்காரர்கள் காவல் போட்டிருக்கும் பருவம் தவிர மற்ற மாதங்களில் அந்த நிழலுக்கு உரிமை கொண்டாட ஆள் கிடையாது. கொஞ்சம் தள்ளிப் போனால் கும்பக்கரை அருவி.

ஆனால் உட்கார்ந்து பாருங்கள். ஐந்தாவது நிமிடம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் கேட்பார்: "ஏப்பா, நீ நம்ம மாடசாமி அண்ணன் பேரன்தான? இங்கிட்டு என்னத்த உக்காந்திருக்க? வீட்ல எதும் சண்டையா?" இல்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். பொழுது சாய்வதற்குள் அது கடன் தொல்லை என்று வடகரையிலும் காதல் விவகாரம் என்று தென்கரையிலும் பேசப்படும். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அம்மா விசாரணையைத் தொடங்குவார். இதெல்லாம் அக்கறைதான், மறுக்கவில்லை. ஒரு மனிதன் காரணமில்லாமல் உட்கார்ந்திருப்பான் என்பதை எங்கள் ஊர் ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். அவளுக்குக் கோயில் பிராகாரம் ஒன்றுதான் மிச்சம். அங்கேயும் உட்கார்ந்தால் கேள்வி வரும், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னையில் கதை நேர்மாறு. நடைபாதையில் நின்று அழுதால்கூட யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஊரில் அத்தனை பேர் கண்ணிலும் பட்டு வளர்ந்தவனுக்கு முதல் சில மாதங்கள் அது பெரிய விடுதலை. ஆனால் உட்கார இடம்தான் இல்லை. நடக்கலாம், நிற்கலாம், வண்டி ஓட்டலாம், உட்கார்ந்தால் காசு. ஏசி போட்ட கடையில் ஒரு காபி விலைக்கு எங்கள் ஊரில் இலைச் சாப்பாடே சாப்பிட்டு வரலாம். கடை வாசல் திண்டில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று இரும்பு முள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் செலவு செய்த முதலாளியை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகம். மழைக்கு ஒதுங்குகிற மனிதனிடமிருந்து அந்தச் சிமென்ட் திண்டை அவர் ஏன் காப்பாற்ற வேண்டும்?

ஒரு காலத்தில் ஒரே ஒரு காபிக்கு அரை நாள் உட்காரவிட்ட இடமும் இந்த ஊரில் இருந்தது. கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். பெரிய மரங்கள், நிழலில் வண்டிகள். எழுத்தாளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், பெண் பார்க்க வந்த குடும்பங்கள் என்று பலரும் அங்கே நேரம் போவது தெரியாமல் இருந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். 2008-இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. அழகான பூங்காதான். செடிகொடிகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. நுழைவுச் சீட்டும் உண்டு.

இப்போது அந்தக் கல்லறை. உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், பாரிமுனை நெரிசலுக்குள் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. சனங்கள் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு. தள்ளுவண்டி, லாரி, ஸ்டேஷனரி மூட்டை, கல்யாணப் பத்திரிகைக் கடைக் கூட்டம், பக்கத்தில் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை வரும் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டினால் ஒரு மரக்கதவு. கவனிக்காவிட்டால் கடந்துபோய்விடுவீர்கள். உள்ளே 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம்.

கதவைத் தாண்டிப் பத்தடி வைத்தால் சத்தம் தோளிலிருந்து இறங்குகிறது. ஹாரன் கேட்காமல் போவதில்லை. அது வேறு யாருக்கோ அடிக்கிற ஹாரனாகிவிடுகிறது. முற்றத்தில் பெருங்கள்ளி மரங்கள், அதாவது நாம் கோயில்களில் பார்க்கிற அதே அரளி ஜாதி; வெள்ளைப் பூ கீழே கொட்டிக் கிடக்கும். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். ஆர்மீனிய எழுத்துகள் கொக்கி கொக்கியாக வரிசையில் நிற்கும், நமக்கு ஒன்றும் புரியாது. சில கற்களில் எழுத்து தேய்ந்து, விரலால் தடவினால்தான் பள்ளம் தெரியும். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் இந்த மதராஸிலிருந்துதான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியன் இங்கேயே அடங்கியிருக்கிறார். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். வியாபாரம் செய்து இந்தக் கோயிலைக் கட்டிய சமூகத்தில் இன்று சென்னையில் வழிபட ஆள் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் முற்றம் பெருக்கியிருக்கிறது, சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மணியும் அடிக்கிறது. கொல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனிய சபை இதைப் பார்த்துக்கொள்கிறது.

பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதுதான் என் கண்ணில் பட்ட முக்கியமான விஷயம். சென்னையில் மனசு அடங்குகிற இடங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுகூட அமைதி தேடும் நமக்காக உண்டாக்கப்பட்டதில்லை. பிரம்மஞான சபையார் 1882-இல் அடையாற்றுக்கு வந்தது அவர்களுடைய ஆன்ம விசாரத்துக்காக. அந்தத் தோட்டம் வளர்ந்து இன்று சுமார் 260 ஏக்கர். அதன் நடுவில் உள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது, விழுதுகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கிண்டித் தேசியப் பூங்கா ஆளுநர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த காடு. 1978-இல் அது புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் போனது. நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952-இல் அமைத்தது. எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், ஒட்ட வெட்டிய புல், சாலை ஓரத்திலேயே அப்படியொரு நிசப்தம். லஸ் பக்கம் 1516-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள மாதா கோயிலுக்குக் காட்டுக் கோயில் என்று பெயர். காடு போய்க் கட்டடங்களும் கடைகளும் வந்தாயிற்று, கோயில் வளாகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. செத்தவருக்கும் சாமிக்கும் மானுக்கும் என்று யாரோ வேலி போட்டு, விற்கமாட்டேன் என்று விடாப்பிடியாக நின்றதால்தான் நாம் போய் உட்கார அங்கே நிழல் இருக்கிறது. நாம் அங்கே விருந்தாளிகள்.

உயிரோடு இருக்கும் மனிதருக்கென்றே ஓர் இடம் வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களுக்கு நான் கன்னிமாரா நூலகத்தைச் சொல்வேன். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில், 1896-இல் திறந்தது. பழைய கட்டடத்தின் வளைவுகளும் வண்ணக் கண்ணாடியும் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பார்க்கப் போவது புதிய கட்டடத்தின் வாசிப்பு மேசைகளை. மதிய நேரத்தில் டிஎன்பிஎஸ்சி வழிகாட்டியைத் திறந்து வைத்து, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி கண் சொக்கிப்போன பையன் ஒருவனாவது அங்கே இருப்பான். எதிரே துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள், நடுவில் நிறுத்தி வெகுநேரம் மின்விசிறியைப் பார்ப்பாள். யாரும் வந்து 'என்ன வேணும்' என்று கேட்பதில்லை. கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும், உட்கார்ந்ததற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. தனியாக வரும் பெண்களுக்குச் சென்னை தரும் இடங்களில் இதைவிடப் பத்திரமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பூங்காக்களைப் பற்றி ஒரு வருத்தம் உண்டு. நெடுங்காலமாக இந்த ஊரில் மாநகராட்சிப் பூங்கா என்றால் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், நடுவில் பூட்டு என்றுதான் இருந்தது. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வசதி. ஆனால் நிழல் யாருக்கு வேண்டும்? உச்சி வெயிலில் சோற்றுப் பொட்டலத்தோடு நிற்கும் டெலிவரிப் பையனுக்கு, இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் மிச்சமுள்ள அம்மாளுக்கு, கடைகடையாக ஆர்டர் எடுத்துக் கால் கடுத்தவனுக்கு. மரம் இருக்கும்போது நிழலைப் பூட்டி வைத்தது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சும்மா உட்காருபவன் தப்பு செய்வான் என்கிற பயம்தான் அந்தப் பூட்டு. பார்க்கப்போனால் சைக்கிளை நிறுத்திக் கேள்வி கேட்ட எங்கள் ஊர்க்காரருடைய சந்தேகமும் இதுவும் ஒன்றேதான். அவரிடமாவது பிரியம் இருந்தது.

வேலி போட ஆளில்லாத இடங்கள் என்னாயின என்பதையும் சென்னையிலேயே பார்க்கலாம். மாம்பலம் ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது. எந்த மாடியில் ஏறினாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. சுற்றிலும் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்று பெயர்ப்பலகைகள் மட்டும் கரை கட்டி நிற்கின்றன. எத்தனையோ தலைமுறை ஜனங்கள் மாலையில் போய் உட்கார்ந்த கரைகள் அவை. எல்லோருக்கும் சொந்தம் என்று இருந்ததால் யாரும் காக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்குச் சென்னையைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றித்தான் பயம் வருகிறது. குளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. ஆற்றங்கரை, கண்மாய்க் கரை, தோப்பு நிழல் என்று இலவசமாகக் கிடைத்ததால் அவற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. வராக நதி மலையிலிருந்து இறங்கும்போது பளிங்காக இருக்கிறது; ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுச் சாக்கடை சேர்ந்து, கோடையில் பாதி இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாலம் தாண்ட வேண்டியிருக்கிறது. மாந்தோப்புகள் மனைக்கட்டுகளாகி, மஞ்சள் சாயம் அடித்த எல்லைக் கற்கள் நிற்பதைத் தேனி சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். இன்று சென்னையில் உட்கார இடம் கேட்கிற பிள்ளை பத்து வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பினால், அங்கேயும் ஒரு காபிக் கடைக்குள் போய்க் காசு கொடுத்துத்தான் உட்காருவான் போலிருக்கிறது.

ஆகவே பெரியகுளம் நகராட்சிக்கும் வடகரை, தென்கரைப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம் என்று ஒரு நாள் திட்டம் வரும், வராமல் போகாது. அப்போது டைல்ஸ் வேண்டாம், செயற்கை நீரூற்று வேண்டாம், கலர் விளக்கு வேண்டாம், டிக்கெட் கவுண்டர் வேண்டவே வேண்டாம். சாக்கடையை ஆற்றில் விடாமல் திருப்புங்கள். மருத மரங்கள் மேல் கை வைக்காதீர்கள். அந்த நிழலில் யாராவது ஒரு பெண் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுங்கள்.