ஏற்றத்து வீடு, வீதியோர யன்னல்

மார்ச் கடைசியில், வீதி காய்ந்து கிடந்த ஒரு சனிக்கிழமை, கீழே பெருவீதியோரம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உறவுக்காரர் இல்லை, ஊர்க்காரர். ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். நான் உள்ளே போனபோது யன்னலடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததும் துணியை விரித்துப் பார்த்தார். நடுவில் நீளமாக ஒரு கறுத்த கோடு. போன கிழமைதான் துடைத்தது என்றார். பிறகு துணியை மடிக்காமலே கேட்டார்:

“தம்பி, உம்மட காருக்கு என்ன டயர் போட்டிருக்கிறீர்?”

“ஆணி டயர்தான் அக்கா. எங்கட ஏத்தம் உங்களுக்குத் தெரியும்தானே.”

“ஓம், ஏத்தம்தானே.”

அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. குரலில் கோபம் இருக்கவில்லை. அவருக்குத் தொய்வு இருக்கிறது. பம்ப் எப்போதும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கிடக்கும். அன்றைக்கு அதைப் பற்றியும் பேச்சு வரவில்லை. ஊர்க்கதை கதைத்து, தேத்தண்ணி குடித்து, வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அந்த இரண்டு சொற்களும் துணியிலிருந்த கோடும் என்னை விடுவதாக இல்லை.

எங்கள் வீடு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் பாதை, 100 மீற்றருக்கு 15 மீற்றர் என்ற கணக்கில் உயர்கிறது. முழங்கால் வருத்தக்காரரான அம்மாவால் அதை நடந்து ஏற முடியாது. பாதை தெருவைத் தொடும் அடியில் நடைபாதை குறுக்கே போகிறது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதால்தான் போவார்கள்.

கல்யாண வீடுகளில் இந்தப் பனிக்கால ஏற்றப் பேச்சை எடுத்தால் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: நாலு சில்லும் இழுக்கிற காராக எடு. ஏறுவதற்கு அது நல்ல மருந்து. முன்சில்லு இழுக்கிற கார் ஏற்றத்தில் தடுமாறுவது, பாரம் பின்னுக்குச் சாய்ந்து முன்சில்லு இலேசாகிவிடுவதால். பின்பக்கமாக ஓட்டினால் அதே கார் ஏறிவிடும். பழைய சாரதிகளுக்கு இது தெரியும். ஆனால் எனக்குப் பயம் ஏறுவதில் இல்லை. ஏற முடியாவிட்டால் காரைக் கீழே விட்டுவிட்டு நடக்கலாம். இறங்கும்போதோ, இரண்டு சில்லு இழுக்கிற காரும் நாலு சில்லு இழுக்கிற காரும் ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் பிரேக் நாலு சில்லில்தான் இருக்கிறது. பாரமான கார் நன்றாகப் பிடிக்கும் என்பதும் இந்தச் சரிவில் உதவாது. பாரம் கூடினால் பிடிமானம் கூடுகிறது, கீழே இழுக்கும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்கள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். பற்றரிச் சுமையோடு அவை நல்ல பாரம். பின்சில்லு மட்டும் இழுக்கிற மின்சாரக் காரில், பனிக்கட்டியின் மேல் சட்டென்று காலை எடுத்தால், மோட்டாரே பின்சில்லைப் பிடித்துப் பின்பக்கத்தை வழுக்கச் செய்துவிடும். ஆகவே காரை மாற்றிப் பிரயோசனமில்லை என்று எனக்குப் பட்டது. எல்லாம் உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடுகிற அந்த நாலு ரப்பர்த் துண்டுகளில்தான் இருக்கிறது.

−15 பாகையில் எங்கள் ஏற்றம் நல்ல பிள்ளை. பனி காலடியில் நறநறக்கும், டயர் கடிக்கும். பொல்லாதது பூச்சியத்தை ஒட்டிய நாள். இரவு மழை பெய்து, உறைந்த நிலத்தின் மேல் நீர்ப்படலம் நிற்கும் காலை. 100க்கு 15 என்ற சரிவில் கார் வழுக்காமல் நிற்க உராய்வுக் குணகம் 0.15ஆவது வேண்டும். நனைந்த பனிக்கட்டி 0.1ஐக்கூடத் தராத நாட்கள் உண்டு. அப்போது கைப்பிரேக் போட்டு நிறுத்திய காரே தானாக நகரும். அந்த மாதிரிக் காலைகளுக்காகத்தான் ஆணி. ரப்பருக்குள் பதித்த சிறு உலோகத்தின் நுனியில் டங்ஸ்டன் காபைட். அது பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கிறது.

பனிக்கட்டி இல்லாத நாளில் அதே நுனி தாரைக் கொத்துகிறது. ஒஸ்லோவின் குளிர்காலத்தில் பெருவீதிகள் பெரும்பாலும் உப்புப் போட்டு வெறுமையாகத்தான் கிடக்கும். என் ஏற்றத்தின் சில மீற்றர்களுக்காகப் பூட்டிய ஆணி, கிலோமீற்றர் கணக்காக அக்காவின் யன்னலுக்குக் கீழே கல்லை அரைத்துக்கொண்டு போகிறது. மாநகரம் இதற்கு 1999இல் ஒரு கட்டணம் கொண்டுவந்தது, 2001இல் நிறுத்தினார்கள், ஆணி டயர் மறுபடி பெருகவே 2004இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டுக் குளிர்காலத்தில் ஒஸ்லோவின் பெருவீதிகளில் ஒன்றான துரொண்ட்ஹைம் வீதியின் ஒரு பகுதியில் வேகத்தை 80இலிருந்து 60க்குக் குறைத்தார்கள், ஏனென்றால் வேகம் கூடக் கூட ஆணி கூடுதலாக அரைக்கிறது. இப்போது இந்த நகரத்தின் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் ஆணியில்லாதவை. நான் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுகிறேன். கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றுதான் அந்தச் சனிக்கிழமை வரை எண்ணியிருந்தேன். பணம் மாநகரத்துக்குப் போகிறது. தூசி அக்காவிடம் போகிறது.

ஜப்பானைப் பற்றி எப்போதோ வாசித்தது நினைவுக்கு வருகிறது. எந்தப் புத்தகம் என்று பிடிபடவில்லை. செண்டாய் நகரத்தில் எண்பதுகளில் குளிர்காலம் முடியும்போது வீதிகளில் புழுதி எழும்பி, மக்கள் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்களாம். 1990இல் ஆணி டயருக்கெதிராகச் சட்டமே வந்தது. காற்றுத் தெளிந்தது. வடக்கே சப்போரோவில் இன்னொன்று நடந்தது. ஆணியில்லாத டயர்கள் சந்திகளில் நின்று நின்று புறப்பட்டு, பனியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டன. வீதி கடக்கிறவர்கள் விழத் தொடங்கினார்கள். ஆணி அதுவரை பனிக்கட்டியைக் கீறிச் சொரசொரப்பாக வைத்திருந்தது. ஆணி போட்டவன் தனக்கு மட்டும் பாதையைச் சமைக்கவில்லை, பின்னால் வருகிற ஆணியில்லாதவனுக்கும் சமைத்தான். இதை அக்காவுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவருடைய யன்னலடியில் போய் நின்று, என் ஆணியால் ஊருக்கு இன்ன நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையாகவே இருந்தாலும் வராது.

பின்னால் வருகிறவன் என்றதும் பெரியப்பாதான் நினைவுக்கு வருகிறார். அவரிடம் ஒரு லொறி இருந்தது. யாழ்ப்பாணத்து வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய், லீக்சும் கரட்டும் ஏற்றி வருவார். ஒரு பள்ளிக்கூட விடுமுறைக்கு என்னையும் கூட்டிப்போனார். மேடென்றால் குளக்கட்டு என்று நினைத்திருந்த பிள்ளைக்கு ரம்பொட ஏற்றம் எப்படி இருந்திருக்கும்! வளைவுக்கு வளைவு லொறி முனகியது. ரேடியேற்றர் கொதித்து நின்றதும் “சில்லுக்குக் கல்லு வை” என்று பெரியப்பா கத்துவார். கிளீனர் அண்ணை குதித்து, ஓரத்தில் கிடக்கும் பெரிய கல்லைப் பின்சில்லுக்குக் கொடுப்பார். புறப்படும்போதுதான் கஷ்டம். ஏற்றத்தில் எடுத்த லொறியை மறுபடி நிறுத்த முடியாது. கல்லைக் கானுக்குள் உருட்டிவிட்டு, ஓடிவந்து, ஓடுகிற லொறியில் தொங்கி ஏற வேண்டும். கல்லை விட்டுவிட்டு வரப் பெரியப்பா சம்மதிக்க மாட்டார். பின்னால் வருகிறவன் அதில் ஏறினால் பள்ளத்தில்தான் கிடப்பான் என்பார்.

அன்றைக்கு மழையும் மூட்டமும் சேர்ந்து வந்தன. லொறி பின்னுக்கு நழுவத் தொடங்கியது. அப்போது அவரேதான் கத்தினார்: “கல்லை விடு, ஏறு!” அண்ணை ஏறிவிட்டார். கல் நடுவீதியில் கிடந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கல்லில் யாரும் மோதினார்களா, யாரும் இறங்கித் தள்ளிவிட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பாதுகாக்க வேண்டியிருந்த பிள்ளைகளில் ஒன்று நான். அதனால் அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

லொறி என்றதும் இன்னொன்று. உலகின் முதல் குளிர்கால டயரை 1934இல் பின்லாந்தின் நோக்கியா ஊரில் செய்தார்கள், அதுவும் லொறிகளுக்காகத்தான். பனியில் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலையில் பிறந்தது அது. அப்போது யாருடைய யன்னலடியையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

என் டயர்கள் தேய்ந்துவிட்டன. நோர்வேச் சட்டப்படி குளிர்காலத்தில் 3 மில்லிமீற்றர் ஆழமாவது மிச்சமிருக்க வேண்டும்; என்னுடையவை இன்னொரு குளிர்காலம் தாங்காது. ஆகவே இது வெறும் யோசனையாக இருக்க முடியாது, ஒன்றை வாங்கியாக வேண்டும். ஆணியில்லாத நல்ல டயர் போட்டு, ஏற்றத்துக்கு நானே சரளை தூவலாம். ஆனால் அந்தச் சரளையும் வசந்தத்தில் நசுங்கித் தூசியாகிறது. பாதைக்கடியில் சூட்டுக்கம்பி பதிக்கலாம். செலவு பெரிது, மின்சாரமும் எங்கிருந்தோதான் வருகிறது. மழை உறைந்த காலைகளில் காரைத் தொடாமல் இருக்கலாம். அம்மாவுக்கு வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிற நாளாக அது இல்லாதவரை.

இரண்டு பக்கத்திலும் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதுதான் என் சிக்கல். கார் வழுக்கினால் அடியில் யாருடைய பிள்ளை நிற்கிறது என்று அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். தூசியால் யாருக்கு எவ்வளவு மூச்சு முட்டியது என்பதை யாரும் என் பெயரில் எழுதி வைக்கப்போவதில்லை. ஒன்று நடக்காமலே போகலாம், ஆனால் பெரிது. மற்றது ஒவ்வொரு நாளும் நடக்கிறது, என் பங்கு சிறிது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கப் பார்க்கிறேன், தட்டு நிற்பதில்லை.

ஒக்டோபர் முதல் கிழமைக்குள் சொல்லிவிடும்படி டயர்க் கடைக்காரர் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு ஆணியில்லாததையே சொல்வேன் போலிருக்கிறது. தை மாதத்தில் ஒரு காலை மழை உறைந்து கிடக்கும்போதும் இதையே சொல்வேனா என்று கேட்டால், தெரியவில்லை.