நகைச்சுவை மேடையில் தன்பாலீர்ப்பு ஆண்

தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையில் தன்பாலீர்ப்புள்ள ஆண் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் வருகிறார். குழைந்த நடை, நெளியும் கை, இழுத்துப் பேசும் குரல். பக்கத்தில் நிற்பவரை உரசப் பார்ப்பார், அவர் பதறி விலகுவார், சிரிப்பொலி எழும். அந்தப் பாத்திரத்துக்குப் பெயரோ வேலையோ குடும்பமோ தேவைப்படுவதில்லை. திரை நகைச்சுவை பரப்பிய 'அவனா நீ' என்ற கேள்வி இன்று பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் ஆளை மட்டம் தட்டப் பயன்படுகிறது.

நகைச்சுவை யாரைத்தான் விட்டுவைக்கிறது என்று கேட்பார்கள். மாமியாரும் போலீஸ்காரரும்கூடத்தான் கேலிக்கு ஆளாகிறார்கள். உண்மைதான். ஆனால் அதே மாமியார் அடுத்த தொடரில் அழுகிறார், ஆள்கிறார், முழு மனிதராக நிற்கிறார். தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கு அந்த அடுத்த தொடர் இல்லை. சென்னையிலாவது 2009 முதல் வானவில் பேரணி நடந்திருக்கிறது, பேச ஆட்கள் இருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் போன்ற சிற்றூரில் வளரும் ஒரு பையனுக்குத் தன்னைப் பற்றி முதலில் கிடைக்கும் சித்திரமே இந்தக் கேலிதான். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அவனுடைய வீட்டாரே. கேலியின் அறக்கணக்கு இங்கேதான் மாறுகிறது.

அதற்காக, பெண் வேடமிட்ட ஆண் மேடையேறுவதே இழிவு என்று கொள்வதும் தவறு. பழைய தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் ஆண்களே பாஞ்சாலி வேடம் கட்டினார்கள். துகிலுரியும் காட்சியில் ஊர் கண்கலங்கியது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் கேலி அரசனையும் விடவில்லை. ஆகவே ஆணிடம் பெண்மை தெரிவது தன்னளவில் சிரிப்புக்குரியதன்று; அதை இழிவாகக் காட்டும்போதுதான் அப்படி ஆகிறது. பெண்மைச் சாயலும் தன்பாலீர்ப்பும் ஒன்றல்ல என்பதையும் இந்தக் காட்சிகள் மறைத்துவிடுகின்றன.

எல்லை எங்கே என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் குறித்த வழக்கில் ஒரு நல்ல அளவுகோலைத் தந்தது: ஒருவரின் நிலையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. அது இங்கும் பொருந்தும். 2010இல் வெளியான 'கோவா' முழு நகைச்சுவைப் படம்தான்; ஆயினும் அதில் வரும் ஆண் இணைக்குக் காதலும் ஊடலும் இருந்தன.

திரைப்படத்தைப் போலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு முன்தணிக்கை கிடையாது. தணிக்கை வேண்டும் என்பதும் சரியான தீர்வன்று. அது முதலில் நெரிப்பது பலவீனமானவர்களின் குரலைத்தான். எனவே பொறுப்பு எழுதுபவரிடமும் ஒளிபரப்புபவரிடமுமே நிற்கிறது. சட்டத்தின் பார்வையும் மாறிவிட்டது: 2018இல் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் இசைவான தன்பாலுறவு குற்றமன்று என்றது. 2021இல் இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தம் முன்முடிவுகளைக் களைய ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்பே தீர்ப்பு எழுதினார். நகைச்சுவை எழுதுபவர்களும் அதுபோல் ஒருமுறை அமர்ந்து கேட்கட்டும். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பெயரையும், பிறரைக் கேலி செய்யும் உரிமையையும் கொடுக்கட்டும்.