தட்டும் ஓசை



பெங்களூரு லால்பாக்கில் காலைநடை போகிறவர்கள் நம் பங்கில் பலர் உண்டு. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். சென்ற வாரம் அங்கே ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம், தச்சுப்பட்டறையில் உளி விழுவதுபோல. நம் ஆண்டவர் கேட்டு வளர்ந்த சத்தம்தானே! நிமிர்ந்து பார்த்தேன். பட்டுப்போன கிளையில் ஒரு மரங்கொத்தி.

மைனாவைவிடச் சற்றுப் பெரிது. முதுகில் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் மஞ்சள். ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. இதற்கு முன்நெற்றி கறுத்து வெண்புள்ளிகள், கொண்டை மட்டும் சிவப்பு. ஆகவே பெண். ஆனால் வகையை உறுதிசெய்ய வாலுக்கு மேலே, இடுப்பைப் பார்க்க வேண்டும். காட்டில் இதே சாயலில் திரியும் இன்னொரு மரங்கொத்திக்கு அந்த இடம் சிவப்பு. நம் ஊர்ப் பொன்முதுகு மரங்கொத்திக்குக் கறுப்பு. மடக்கிய இறக்கை அதை மறைத்துவிடும். பறக்கட்டும் என்று நின்றேன். கறுப்புதான். ஒரு பறவைக்குப் பெயர் சொல்லவே இவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது. மனிதரையோ ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுகிறோம்.

அது விறைத்த வாலைத் தண்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு எனத் தட்டிப் பார்த்தது. உளுத்த இடம் வந்ததும்தான் சிராய் பறந்தது. உள்ளே ஒளிந்திருக்கும் எறும்பையும் வண்டுப்புழுவையும் நீண்ட நாக்கால் இழுத்துக்கொள்ளும். அந்த நாக்கின் வேர் மண்டையோட்டையே சுற்றிப் போகிறதாம்!

அன்பு மக்களே, தூக்கம் வராமல் புரளும் இரவில் உங்கள் உள்ளத்தில் எந்த இடத்தில் ஆண்டவரின் தட்டு விழுகிறது? பத்து வருடமாகப் பேசாத அண்ணன் பெயரிலா? பாகப்பிரிவினையில் மறைத்த கணக்கிலா?

தண்டிக்கத்தான் ஆண்டவர் தட்டுகிறார் என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். மரங்கொத்திக்கு மரத்தின்மேல் என்ன கோபம்? புழு இருக்கும் இடத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். அது குடைந்து விட்டுப்போன பொந்தில் அடுத்த பருவம் மைனாவோ கிளியோ ஆந்தையோ குஞ்சு பொரிக்கும். பட்டமரம்தானே என்று வெட்டியிருந்தால் அவற்றுக்கு வீடு ஏது? காய்க்காத அத்திமரத்துக்காக இன்னும் ஒரு வருடம் கேட்டு மன்றாடினாரே நற்செய்தியில் வரும் தோட்டக்காரர், அந்த இரக்கத்தில்தான் நீங்களும் நானும் இன்று நின்றுகொண்டிருக்கிறோம்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து ஒப்புரவு அருட்சாதனத்துக்காக உட்கார்ந்திருப்பேன். டிராஃபிக்கில் மாட்டித் தாமதமானாலும் பரவாயில்லை. வாருங்கள், காத்திருக்கிறேன்.