தோழமையும் கடனும்

அறிவு பகிர்ந்தாற் குறைவதில்லை என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஒருவன் தான் கற்ற கணக்கை இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுப்பதால் அவனிடமுள்ள கணக்கு அழிந்துவிடுவதில்லை. ஆனால், ஒரு கொத்து அரிசியை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு அரைக் கொத்தே கிடைக்கும். இவ்வேறுபாடு சிறு பிள்ளைக்கும் விளங்கும். எனினும், அறிவைப் பொதுவில் வைத்து வாழும் ஒரு கூட்டம் பொருளையும் தானே ஆக்கிக்கொள்ள முற்படும்போது இவ்வேறுபாடு எத்தகைய அறச் சிக்கலை எழுப்புகின்றது என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. கையடக்க விளையாட்டுக் கணினியொன்றைத் திறந்த மூல முறையில் ஆக்க முனைந்த ஆர்வலர் கூட்டத்தின் வரலாறு இதற்கு நல்லதோர் உரைகல்லாகும்.

விளையாட்டுக் கருவியில் என்ன தத்துவம் என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மனிதனின் உழைப்பு யாருக்குரியது என்று கேட்பவர்கள், அவனது ஓய்வு யாருக்குரியது என்றும் கேட்கவே வேண்டும். நின்ரெண்டோ, சோனி ஆகிய பெருங் கம்பனிகளின் கருவிகளில் எந்த விளையாட்டு இயங்கலாம், எது இயங்கலாகாது என்பதைக் கம்பனியே தீர்மானிக்கின்றது. வாங்கியவன் கையிற் பெட்டி இருக்கும். திறப்போ கம்பனியிடம் இருக்கும்.

இந்நிலைக்கு மாறாகத் தென் கொரியாவின் கேம் பார்க் கம்பனி 2001 இல் ஜிபி32 என்னும் கருவியை வெளியிட்டது. தாமே விளையாட்டுக்களை எழுதி இயக்க விரும்பியோருக்கு அது இடமளித்தது. 2005 இல் வேறொரு கொரியக் கம்பனி வெளியிட்ட ஜிபி2எக்ஸ், யாவரும் திருத்தவும் பரப்பவும் உரிமையுள்ள லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டிருந்தது. இக்கருவிகளைச் சுற்றி, சிறப்பாக ஐரோப்பாவில், ஓர் ஆர்வலர் கூட்டம் வளர்ந்தது. பகலில் வேறு தொழில் பார்த்தோர் இரவிற் செய்நிரல் எழுதினர். மறைந்துபோன பழைய கருவிகளின் விளையாட்டுக்களைப் புதிய கருவியில் மீண்டும் இயங்க வைத்தனர். எழுதியதை விலையின்றி வழங்கினர். ஒருவர் விட்ட பிழையை மற்றவர் திருத்தினார். போட்டியும் இலாபமும் இன்றி மனிதன் எதையும் ஆக்கமாட்டான் என்று கூறுவோருக்கு இக்கூட்டம் வாழும் மறுப்பாக விளங்கியது.

அடுத்த படி இயல்பாகவே வந்தது. கம்பனி தருவதை ஏன் எதிர்பார்த்திருக்க வேண்டும்? எமக்கு வேண்டிய கருவியை நாமே வரைந்து நாமே செய்விப்போம் என்று அவர்கள் துணிந்தனர். அவ்வாறு பிறந்ததே பண்டோரா. மடிக்கத்தக்க உடலும், எழுத்துப் பலகையும், 4.3 அங்குலத் தொடுதிரையும் கொண்ட கைக்கணினி அது. தொழிற்சாலையோ வங்கி முதலோ அவர்களிடம் இருக்கவில்லை. எனவே 2008 செப்ரெம்பரில் முன்பதிவு திறக்கப்பட்டது; ஏறத்தாழ 330 டொலரை ஆர்வலர்கள் முன்கூட்டியே செலுத்தினர். சில மாதங்களில் வரும் என்று நம்பப்பட்ட கருவி 2010 மே மாதத்திலேயே முதன்முதலாக அனுப்பப்பட்டது. அதுவும் சிறுகச் சிறுகவே சென்றது. உடலின் அச்சுக்கள் பிழைத்தன. கட்டுப்பாட்டுக் குமிழ்கள் தாமதமாயின. சுற்றுப்பலகைகளிற் பழுதானவை பல. பணம் கரைந்தது. முன்பதிவுகளை ஏற்றிருந்த பிரித்தானியக் கம்பனி தன் கடப்பாட்டை முழுமையாக நிறைவேற்ற இயலாது போயிற்று. உற்பத்தி ஜேர்மனிக்கு மாற்றப்பட்டது. ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர் பலர். பணம் செலுத்தியும் கருவியைக் காணாதோரும் உளர்.

இங்கேதான் எமது வினா எழுகின்றது. இந்த இழப்பு யாருடையது?

“இது கடை வியாபாரமன்று; கூட்டு முயற்சி. ஆபத்தை அறிந்தே யாவரும் இறங்கினோம்” என்பது ஒரு சாராரின் வாதம். “நாம் நன்கொடை கொடுக்கவில்லை, ஒரு பொருளுக்கு விலை கொடுத்தோம்” என்பது மறு சாராரின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், முதல் வாதத்தில் ஒரு குறை மறைந்திருக்கின்றது. கூட்டு முயற்சி எனின் இழப்பும் கூட்டாக அன்றோ பகிரப்பட வேண்டும்? இங்கு அவ்வாறு நிகழவில்லை. வரிசையில் முன் நின்றவர் கருவியைப் பெற்றார். பின் நின்றவர் வெறுங்கையுடன் நின்றார். தேவையோ உழைப்போ ஒப்புதலோ இதைத் தீர்மானிக்கவில்லை. வரிசை எண்ணே தீர்மானித்தது. செய்நிரலின் பிரதியை ஆயிரவர் ஒரே வேளையில் எடுக்கலாம். அங்கே வரிசை இல்லை. பொருளுக்கு வரிசை உண்டு. வரிசை உள்ள இடத்தில் நீதி வேண்டும். நட்பு மாத்திரம் போதாது.

பின்னர் கண்ட பரிகாரமும் சிந்தனைக்குரியது. புதிதாக வந்தோர் கூடிய விலை கொடுத்து உடனே கருவியைப் பெற்றனர். அவ்விற்பனையின் வருவாயைக் கொண்டு பழைய முன்பதிவாளர் சிலருக்குக் கருவிகள் அனுப்பப்பட்டன. பணமுள்ளவன் வரிசையைத் தாண்டுவது நீதியா என்று கொதிப்பது எளிது. அவன் வராவிடின் பழையவனுக்கு எதுவும் கிடைத்திராது என்பதும் மெய்யே. எமது கருத்தில், இத்தகைய ஏற்பாட்டைத் தவறென ஒதுக்க முடியாது. ஆனால் அது ஒரு கடனைத் தீர்க்கும் வழி என்பது வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். கடன்பட்டோர் எத்தனை பேர், எஞ்சிய பணம் எவ்வளவு என்பது காத்திருப்பவன் கண்முன் இருக்க வேண்டும்.

1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடி, 28 பவுண் முதலுடன் ஒரு பண்டகசாலையைத் தொடங்கினர். மாவும் வெண்ணெயும் சீனியும் விற்ற அந்தச் சிறு கடையின் வழியிலேயே உலகெங்குமுள்ள கூட்டுறவுச் சங்கங்கள் பின்னர் நடந்தன. அவர்களிடம் தோழமைக்குக் குறைவில்லை. ஆயினும் தோழமையை மாத்திரம் நம்பி அவர்கள் கடை நடத்தவில்லை. ஆளுக்கொரு வாக்கு, சரியான நிறை, கைக்காசு வியாபாரம், உறுப்பினர் முன் காலந் தவறாது வைக்கப்படும் கணக்கு என விதி வகுத்தனர். நண்பர்களிடையே கணக்கு எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. கணக்கு இல்லாவிடின் நண்பர்களாக நீடிக்க முடியாது என்பதை வறுமை அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

பண்டோராவை ஆக்கியோரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. அவர்கள் மோதிய சுவர் பெரியது. அக்கருவியின் இதயமான சில்லு அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியுடையது. படங்களை வரையும் பகுதியின் செய்நிரலோ திறக்கப்படாத இரகசியம். பைரா என்னும் அடுத்த கருவிக்கும் அதே கம்பனியின் சில்லே தெரிவு செய்யப்பட்டது. கைத்தொலைபேசிச் சில்லுத் துறையிலிருந்து விலகுவதாக அக்கம்பனி 2012 இலேயே தீர்மானித்திருந்தது. பைராவுக்கு 2016 இல் முன்பதிவு செய்தோரும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். அறிவு பொதுவாயிருப்பினும் உற்பத்திச் சாதனங்கள் பொதுவாகாதவரை, சிறு கூட்டம் பெரு முதலின் வாசலில் நின்றே ஆகவேண்டும். இதை மறந்து தனி மனிதரை மாத்திரம் பழிப்பது அறியாமை.

ஆயினும், சமூக அமைப்பைக் காரணங் காட்டித் தன் கடனைத் தட்டிக்கழிப்பவனும் முற்போக்காளன் ஆகான். முதலாளியின் வாக்குறுதி பொய்த்தால் நாம் ஏமாற்று என்கிறோம். எமது தோழர்களின் வாக்குறுதி பொய்க்கும்போது மாத்திரம் அதற்கு இலட்சியம் என்று பெயர் சூட்டலாமா? மூலத்தைத் திறந்து வைத்தவர்கள் கணக்கேட்டையும் திறந்து வைக்க வேண்டும். வெற்றியைப் பகிர்ந்தவர்கள் நட்டத்தையும் பகிர வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு என்ன நேர்கின்றது என்பதைக் கொண்டே ஒரு கூட்டத்தின் தோழமையை அளக்க முடியும். விளையாட்டுக் கருவிக்கு மாத்திரமன்று, நாம் கூடித் தொடங்கும் நூல்நிலையத்துக்கும் பதிப்பகத்துக்கும் சங்கத்துக்கும் பொருந்தும் அளவுகோல் இதுவே.