திருத்தப்பட்ட முகங்கள்

கடந்த பாஸ்கா காலத்தில், திருவேங்கடம் பகுதியிலுள்ள நமது பங்கில் 14 குழந்தைகள் புதுநன்மை வாங்கினர். வெள்ளுடையும் கையில் எரியும் மெழுகுதிரியுமாக ஒவ்வொருவரையும் தனித்தனியே படமெடுக்க ஒரு ஸ்டூடியோக்காரரை அழைத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சட்டமிட்ட படங்களை வழங்கினோம். ஒரு சிறுமியின் ஆச்சி படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இது யாரு புள்ள சாமி? எங்க புள்ள படத்த மாத்திக் குடுத்துட்டீகளே” என்றார்.

படம் மாறவில்லை, பின்புறம் பெயர் எழுதியிருந்தது. அச்சிறுமிக்கு மூன்று வயதில் கொதிநீர் பட்டு, இடக்கன்னத்திலிருந்து தாடைவரை ஒரு தழும்பு உண்டு. படத்திலோ அது இருந்த சுவடே இல்லை. தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை ஆண்டும் ஏங்கினேன் என்றார். ஆச்சியோ பேத்தியைத் தேடினார். இருவரும் அக்குழந்தையை உயிராய் நேசிப்பவர்கள். யார் சொல்வது சரி என்று நம்மிடம் கேட்டார்கள். அன்று மழுப்பலாக ஏதோ சொல்லி அனுப்பினோம்.

பின்னர் ஸ்டூடியோக்காரரிடம் விசாரித்தோம். ‘ஹீலிங் பிரஷ்’ என்றொரு கருவியாம். குணமாக்கும் தூரிகை என்று பொருள். நோல் சகோதரர்கள் உருவாக்கி, அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஃபோட்டோஷாப் மென்பொருளில் 2002இல் சேர்ந்தது அது. பக்கத்துத் தோலின் தன்மையை எடுத்து, வடுவின்மேல் பரப்பி, அவ்விடத்து ஒளியோடு இசைத்துவிடுகிறது. யாரையும் குணமாக்காத ஒரு தூரிகைக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்! அரை நிமிட வேலை என்றார். இன்று கைப்பேசிகள் பலவும், நாம் கேளாமலேயே இதைச் செய்து தந்துவிடுகின்றன.

இதைக் கணினி கொணர்ந்த ஆசை என்று பழிப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. ஃபிலிம் காலத்தில் ‘டச்சிங்’ என்றொரு கலை இருந்தது. நெகடிவில் நிழல் விழுந்த இடங்களைக் கூரிய பென்சிலால் நிரப்புவார்கள். அக்கரி ஒளியைத் தடுப்பதால் அச்சில் அவ்விடம் வெளுத்துத் தெரியும். நமது குருப்பட்ட அழைப்பிதழில் அச்சான படத்தில், கன்னத்து அம்மைத் தழும்புகள் ஒன்றுகூட இல்லை. நாம் அதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை. உள்ளூர மகிழ்ந்தோம் என்பதே உண்மை. இன்னொரு வழக்கமும் நினைவுக்கு வருகிறது. குழந்தையைப் படமெடுக்கத் தூக்கிச் செல்லுமுன் கன்னத்தில் கரிய திருஷ்டிப் பொட்டொன்றை வைத்து, குறையற்ற முகத்தில் வேண்டுமென்றே ஒரு குறையை உண்டாக்கியவர்களும் நம் மூதாட்டிகளே. அதன் பின்னுள்ள நம்பிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் குறையோடிருப்பதே குழந்தைக்குக் காவல் என்று எண்ணிய மனத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியவில்லை.

திருத்துகிற கை பெரும்பாலும் அன்புள்ள கையாகவே இருக்கிறது. குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் படங்களை நினைத்துப் பாருங்கள். அவருடைய அக்காள் செலின் 1894இல் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, தம் கேமராவையும் கொண்டுசென்றார். தங்கையைப் பலமுறை படமெடுத்தார். 1897இல் தெரேசம்மாள் 24 வயதில் இறந்தபின், அப்படங்களைத் திருத்தியும் அவற்றைக்கொண்டு வரைந்தும் மென்மையான ஒரு முகத்தை உலகிற்கு அளித்தவர் செலினே. அசையாமல் பல நொடிகள் நிற்கவேண்டியிருந்த அக்காலப் படங்களில் தங்கையின் உண்மையான முகபாவம் விழவில்லை என்பது அவரது வாதம். செலின் 1959இல் மறைந்தார். திருத்தப்படாத படங்கள் 1961இல் நூலாக வெளிவந்தன. உறுதியான தாடையும் ஆழ்ந்த பார்வையும் கொண்ட ஒரு பெண்ணை அப்போதுதான் உலகம் கண்டது. உடன்பிறந்தவள் அறிந்த முகமா, கேமரா கண்ட முகமா, எது மெய்? செலின் பொய் சொன்னார் என்று கூற நமக்கு நா எழவில்லை. ஆனால் அறுபதாண்டுக்கு மேலாக மக்கள் வேறொரு முகத்தின்முன் மன்றாடினார்கள் என்பதையும் மறுக்கவியலாது.

குருமடத்தில் கற்ற நன்னெறி இயலை மீண்டும் புரட்டினோம். 13ஆம் நூற்றாண்டினரான புனித அக்குவினா தோமா பொய்யை மூவகையாகப் பிரிக்கிறார்: கேடு விளைப்பது, வேடிக்கைக்குச் சொல்வது, பிறர் நன்மைக்கெனச் சொல்வது. மூன்றாவது வகையையும் அவர் பாவமற்றதென விடவில்லை. ஸ்டூடியோக்காரரின் வேலை இம்மூன்றாவதில் அடங்கும் என்று முதலில் எண்ணினோம். ஆனால் அதே பெருநூலில் பெண்களின் ஒப்பனையைப் பற்றிப் பேசுமிடத்தில் தோமா வேறொரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தன்னிடம் இல்லாத அழகை இருப்பதாகக் காட்டுவது ஒன்று. நோய் போன்ற காரணத்தால் நேர்ந்த விகாரத்தை மறைப்பது மற்றொன்று. பின்னது தகும் என்கிறார். இதைப் படித்ததும் ஆச்சியின் பக்கம் சாய்ந்திருந்த நமது மனம் தடுமாறியது. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைத் தாங்கியே தோன்றினார் என்று பிரசங்கித்துத் தாயின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அது அன்பினால் ஏற்ற காயம். இதுவோ அடுப்படி விபத்து. குழந்தையின் வேதனையை நம் பிரசங்கத்திற்கு உவமையாக்க நமக்கு உரிமையில்லை.

ஆயினும் ஒன்று உண்டு. தோமா பேசுவது, தன்னைத் தானே ஒப்பனை செய்துகொள்ளும் பெண்ணைப் பற்றி. இங்கு மறைத்தவர் வேறு, மறைக்கச் சம்மதித்தவர் வேறு. முகத்துக்கு உரியவளை எவரும் கேட்கவில்லை. கேளாமல் ஒரு தழும்பைத் துடைக்கும்போது, படம் பார்ப்போரிடம் மட்டும் பேசவில்லை. ‘நீ இப்படி இருப்பது தகாது’ என்று குழந்தையிடமும் சொல்லிவிடுகிறது.

இந்த நோக்கோடு 14 படங்களின் பிரதிகளையும் மேசைமீது பரப்பிப் பார்த்தபோதுதான் நமக்குத் திடுக்கிட்டது. அத்தனை குழந்தைகளும் வெளுத்திருந்தார்கள்! கரிசல் வெயிலில் ஓடியாடும் பிள்ளைகளின் நிறம் ஒருவர் முகத்திலும் இல்லை. ஒரு தழும்பைப் பற்றி இரண்டு வீட்டுத் திண்ணைகள் விவாதித்தன. 14 நிறங்கள் களவுபோனதைப் பற்றி ஒருவரும், நாமும்கூட, வாய் திறக்கவில்லை. தழும்பு விபத்தால் வந்தது. நிறம் படைத்தவர் தந்தது. அதில் மறைக்கத்தக்க விகாரம் எங்கே இருக்கிறது? தோமாவின் அளவுகோலில் தழும்பை நீக்கியது தேறிவிடலாம். வெளுக்கவைத்தது தேறாது. 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பசை 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது; வாங்குவோரின் ஏக்கம் மாறியதாகத் தெரியவில்லை. கரிசல் மண் கறுத்திருப்பதில் பெருமை கொள்ளும் நாம், அதில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் வேறு நிறம் தேடுகிறோம்.

ஸ்டூடியோக்காரர் சொன்ன விளக்கத்தில் நியாயமும் உண்டு. வெள்ளுடையின் பளிச்சொளிக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொள்வதால், முகம் உள்ளதைவிடக் கறுத்து விழுகிறது. வண்ண ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே வெகுகாலம் அளவாக இருந்தது. அவ்வாறு இருண்ட முகத்தை உள்ளபடி ஒளிக்குக் கொணர்வது உண்மைக்குச் செய்யும் தொண்டே. அவர் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை என்பதே குறை. “கொஞ்சம் கூட்டினாத்தான் சாமி வாங்குவாங்க” என்றார்.

மூலப்படங்கள் அவரிடம் இருந்தன. மறுவாரம் அச்சிறுமியைத் தாயோடும் ஆச்சியோடும் ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்று, கணினியின்முன் அமர்த்தினோம். தழும்பு இருக்கட்டும் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தோம். அதைவைத்து எழுதவேண்டிய வரிகள்கூட மனத்தில் உருவாகிவிட்டன. அவள் வெகுநேரம் பார்த்தாள். “அத எடுத்துருங்கண்ணே” என்றாள். அவர் எடுத்தார். பிறகு பழக்கதோஷத்தில் முகத்தை வெளுக்க வைக்கத் தொடங்கினார்.

“அத ஏண்ணே மாத்துறீங்க?” என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் ஒன்றும், ஆச்சிக்கென்று எதையும் தொடாத படத்தில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் போடச் சொல்லிவிட்டு, மாலைத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதால் நாம் கிளம்பிவிட்டோம்.