மறக்கப்பட்ட ஈமப்புறங்களும் நமது கடனும்

காஞ்சிமாநகர்க்கு அணித்தாயுள்ள கூரம் சைவ நன்மக்கள் பலரும் அறிந்த ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தெழுந்த வித்தியாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னுஞ் சிவாலயம் ஆங்குத் தூங்கானைமாட வடிவிற் காணப்படுவது. அதன் நிவந்தத்தைக் கூறுஞ் செப்பேடு ஹுல்ட்ஸ் என்னும் அறிஞரால் 1890-இல் தென்னிந்திய சாசனத் தொகுதியில் வெளியிடப்பெற்றது. பரமேசுவரமங்கலத்தை 25 பங்காக்கி, கோயிற்றொண்டு செய்வார்க்கு 3, மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் இடுதற்கு 1, ஆங்குப் பாரதம் வாசிப்பார்க்கு 1, நான்மறை வல்லார்க்கு 20 என அஃது அளந்து கொடுக்கின்றது. வழிப்போக்கன் அருந்துந் தண்ணீரையும் மறவாத அவ்வேட்டில் இறந்தார் கிடக்கும் நிலத்திற்கென ஒரு பங்கும் இல்லை. அரசன்மேற் குறையாக இதனைக் கூறுகின்றேமல்லேம். உலகியல் அத்தகையது, கொடையும் எழுத்தும் ஊர் நடுவிலேயே நின்றுவிடும், ஊர்ப்புறத்தே செல்லா.

ஆனால் நம் பெருமான் நிற்குமிடம் யாது? கூரத்திற் கிடைத்த பல்லவர் காலத்து ஆடவல்லான் செப்புத்திருமேனி சென்னை அரசினர் பொருட்காட்சிசாலையில் உள்ளது. அவ்வாடற்கு அரங்கம் சுடுகாடு என்பர் நம் முன்னோர். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டில் அதனைக் கண்ணாரக் கண்டு பாடினார். அவ்வரங்கத்தை நாம் திருமுறையிற் கண்டு உருகுகின்றோம். ஊரெல்லையிற் கண்டால் முகந்திருப்பிக் கொள்கின்றோம்.

கைவிடப்பட்டு முள்ளடர்ந்து கிடக்கும் நாட்டுப்புறத்து ஈமநிலங்களைத் தேடிச்சென்று குறித்துவைக்கும் அன்பர் சிலர் இந்நாளில் உளர். அவர் செயல் சைவசித்தாந்திக்கு உடன்பாடாமோ என்பதே ஈண்டு ஆராயப்புகுவது.

ஆகாது என்பார் கூறுமாறு: தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிரின் மலநீக்கத்தின் பொருட்டு மாயையினின்று கூட்டப்பட்டவை. நுகர்வு முடிந்தவழி உயிர் அவ்வுடம்பை விட்டுப் பிறிதொன்றிற் புகும். பாம்பு கழற்றிய தோலுக்குக் கணக்கெழுதுவார் உண்டோ? அன்றியும், மறைத்தல் ஐந்தொழில்களுள் ஒன்று. முற்பிறவி நினைவு நமக்கு மறைந்திருத்தல் திரோதான சத்தியின் கருணையே. அது மறையாதாயின் பழம்பகையும் பழந்துயரும் ஒருநாளும் நம்மை வாழவொட்டா. மண் மூடியதை மீண்டுங் கிளறுதல் அக்கருணைக்கு மாறன்றோ?

இவ்வையம் எளிதிற் றள்ளத்தக்கதன்று. நெடுநாள் நம்மிடத்தும் இருந்தது. அதனை அசைத்தது நூலறிவன்று, கூரத்தின் பக்கத்திலுள்ள புள்ளலூர் வெளியேயாம். அவ்வெளியில் 1780 செப்டம்பர் 10-இல் ஐதரலியும் திப்புவும் பெய்லி என்னும் ஆங்கிலப் படைத்தலைவனை முறியடித்தனர். மறு ஆண்டு ஆகஸ்டு 27-இல் அவ்விடத்தே மீண்டும் பெரும்போர் நிகழ்ந்தது. அதில் மாண்ட பிரௌன், ஹிஸ்லாப் என்னும் ஆங்கில அதிகாரிகள் இருவர்க்கு எடுத்த கற்றூண்கள் இன்றும் வயலிடையே நிற்கின்றன. இரு தரத்தும் உடன்மாண்ட நம் நாட்டுச் சிப்பாய்கள் எண்ணிலர். அவர்க்கு ஒரு கல்லுமில்லை. அவர் மேனி கலந்த மண்ணில் நெல் விளைகின்றது.

பின்னும் ஒன்று. சென்னை மாகாணத்திலிருந்த ஐரோப்பியர் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்துக் காட்டன் என்னும் அதிகாரி 1905-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1976-இல் இலண்டனில் இதற்கெனவே ஒரு கழகந் தோன்றி, தென்னாசியாவில் ஐரோப்பியர் புதைந்த இடங்களைப் பதிந்து வருகின்றது. இவை குற்றமுடைய செயல்களல்ல. தம்மவர்க்குத் தாம் செய்யுங் கடனை அவர் செய்தனர். நம்மவர்க்கு நாம் செய்தது யாது?

இறைவனது மறைத்தலுக்கும் நமது மறத்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். திரோதானம் மலத்தைப் பக்குவப்படுத்தற்பொருட்டு எல்லா உயிர்க்கும் ஒப்ப நிகழ்வது. அரசனுக்கும் அடிமைக்கும் முற்பிறவி ஒருபடியாகவே மறைந்துளது. நம் மறதியோ ஆளறிந்து மறப்பது. பொருளுடையாரை நினைந்து இல்லாரை மறக்கும். மேற்குலத்தார் சமாதிக்கு விளக்கேற்றிச் சேரியின் இடுகாட்டைக் கல்லுடைப்பார்க்கு விடும். இதற்கு அருள் என்று பெயரிடுதல் ஆணவத்திற்கு நீறுபூசி வைத்தல் போலும்.

அற்றேல், தேடுவதும் ஆணவத்தின் வழித்தாகாதோ எனின், ஆகும். பல விடத்தும் ஆயிற்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பரந்த தாழிக்காட்டை 1876-இல் யாகோர் என்னுஞ் செர்மானியர் அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ ஆங்கு அகழ்ந்தார். அவர் எடுத்த பொருள்களின் பட்டியல், செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த பெரும்பேர் என்னும் ஊரிற் கிடைத்தவற்றோடு சேர்த்து, 1915-இல் அச்சேறிற்று. 2004-இல் மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். அதன் அறிக்கையோ பல்லாண்டு வெளிவராது கிடந்தது. எலும்பைத் துயிலெழுப்பிவிட்டு எழுதாதிருத்தல் எத்தகைய அறம் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆதலின் அகழ்தல் வேறு, குறித்தல் வேறு. தாழியிற் கவித்தலும் குழியிற் புதைத்தலுமாகிய முறைகள் நம் நாட்டிற் பழமையானவை என்பதற்கு மணிமேகலையே சான்று. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் மேட்டுநிலங்களிற் கல்வட்டங்கள் மிகப்பல. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950-லும் 1952-லும் அகழ்ந்தபோது கால்கள் வைத்துச் சுட்ட மண் ஈமப்பேழைகள் வெளிப்பட்டன. இறந்தானுக்கென்று குயவன் பேழை வனைந்து காலும் பொருத்திச் சூளையிலிட்டான் என்றால், அவ்வன்பு எத்துணைத்து! இத்தகைய நிலங்களைப் பாண்டவர் குழி என மக்கள் பெயரிட்டு அஞ்சி விலகியிருந்த காலம்வரை அவை பிழைத்தன; அச்சம் நீங்கிய பின் கல்லுக்காகவும் மனைக்காகவும் அழிந்தன. மூடநம்பிக்கை காத்ததை அறிவு காவாதொழிந்தது வியப்பே.

உடம்பு மாயேயமென்று இகழ்வார்க்கு ஒன்று கூறுவோம். கோயிற்கல்லும் மாயேயமே, செப்பேடும் மாயேயமே. உயிர் எதனைக் கருவியாகக் கொண்டு இருவினை ஈட்டியும் தொலைத்தும் இறைவனை நோக்கி ஓரடி நடந்ததோ, அக்கருவி சிவன் தந்தது. தச்சன் உளியை முதலாளி எறிவதில்லை. நம் அரசரும் இதனை அறிந்திருந்தனர்: முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் எடுத்த பள்ளிப்படை சிவாலயமாகவே நிற்கின்றது.

இனி நம் பிழையைக் கூறல் வேண்டும். சில திங்களுக்கு முன் கூரத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஒன்றிற்குக் குறிப்பேட்டோடு சென்றிருந்தோம். தறியை விட்டு ஓய்ந்த முதியவர் ஒருவர் ஏரிக்கரையில் இலிங்கம் நாட்டிய சமாதிகள் இரண்டைக் காட்டினார். அளந்தோம், எழுதினோம். “வேறு உண்டோ?” என்றதற்கு வாய்க்காலுக்கு அப்பால் வேலிகாத்தான் முள்மண்டிய மேட்டைச் சுட்டி, “அங்கே எழுதுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா? கல்லா, பெயரா?” என்றார். பொழுது சாய்ந்ததென்று நாமும் திரும்பிவிட்டோம். ஆளறிந்து மறப்பது பிறர் குற்றமென்று மேலே எழுதிய கை அன்று அதனையே செய்தது.

இரவு உறக்கம் பிடிக்கவில்லை. வாரங்கழித்து மீண்டுஞ் சென்றோம். அம்முதியவர் தம் பேரனை அரிவாளோடு உடன்விடுத்தார். கிராமக் கணக்கில் அம்மேடு சுடுகாட்டுப் புறம்போக்கு என்றே இருந்தது. அதன் ஒரு மூலையை வயல் தின்றிருந்தது. மழையரித்த சரிவில் செந்நிறத் தாழியொன்றன் வாய் வளையமாகத் தெரிந்தது. உள்ளே மண்ணும் ஆலின் வேரும் நிரம்பியிருந்தன. சிறுவன் கைவிடப்போனான்; வேண்டாமென்றோம். “இது யாருங்க, தாத்தா?” என்று நம்மைக் கேட்டான். விடை கூறாது திசையும் தொலைவும் அளந்து, “தாழி 1, வாய் சிதைவு, பெயரில்லை” என எழுதினோம். பின்னர் இருவரும் மண்வாரி அதன் வாயை மூடினோம். அவன் ஓடி வாய்க்காலில் நீர்முகந்து வந்து அம்மண்மேல் ஊற்றிக் காலால் மெல்ல அமுக்கினான்.