கிறிஸ்மஸ் பலகாரமும் சக ஊழியரின் நோன்பும்

டிசம்பர் பிறந்ததும் கொச்சி அலுவலகங்களில் பெயர்ச்சீட்டுக் குலுக்கி 'கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்' தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு யார் என்பது கடைசி நாள்வரை இரகசியம். விடுமுறைக்கு முந்தைய நாள் அது வெளிப்படும்போது கேக் வெட்டுவார்கள், பலகாரம் மாற்றிக்கொள்வார்கள். கும்பளங்கி போன்ற, லத்தீன் கத்தோலிக்கர் நிறைந்த காயலோரக் கிராமங்களில் வீட்டுப் பலகாரம் என்றால் அச்சப்பமும் குழலப்பமும். அன்பினால் நடக்கும் இந்த விருந்திலும் ஓர் அறக்கேள்வி உண்டு. எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைப்பவர், வருபவரின் உணவு விலக்குகளுக்கு எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும்?

கேரளத்தில் டிசம்பர் கொண்டாட்ட மாதம் மட்டுமல்ல, விரத மாதமும்கூட. சிரியன் கிறிஸ்தவர்களில் பலர் மாதத்தின் முதல் நாளிலிருந்து கிறிஸ்மஸ்வரை இருபத்தைந்து நோன்பு இருந்து இறைச்சியும் முட்டையும் தவிர்க்கிறார்கள். நவம்பர் நடுவில் மாலை போட்ட ஐயப்ப பக்தருக்கு 41 நாள் மண்டல விரதம் டிசம்பர் 26 அல்லது 27 வரை நீளும். ரம்மில் ஊறிய உலர்பழம் போட்ட பிளம் கேக்கை முஸ்லிம் ஊழியர் தொடமாட்டார். மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் குஜராத்தி ஜைனருக்கு முட்டை ஆகாது. ஆக, கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள்களில் வைக்கும் விருந்து, கிறிஸ்தவர் சிலரையே விலக்கிவிடுகிறது.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது. அச்சப்பத்துக்கு அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள்ளோடு முட்டையும் சேர்த்துக் கரைப்பது வழக்கம். காய்ந்த அச்சை மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கி எண்ணெயில் இறக்கினால் பூப்போலக் கழன்று வரும். விளிம்புவரை முக்கினால் கழலாது. பொன்னிறமாக மொறுமொறுவென்று வந்த அந்தப் பூவில் முட்டை இருப்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. செய்தவர் சொன்னால்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு டப்பாவின்மேலும் முட்டை, மது, நெய், முந்திரி எது இருக்கிறதென்று எழுதிவைப்பது உபசாரத்துக்குமேல் ஒரு கடமை.

'வேண்டாதவர் சாப்பிடாமல் இருக்கலாமே' என்ற வாதம் எளிதாக எழும். அது அரை உண்மைதான். மேலதிகாரி கையால் எடுத்து நீட்டும் துண்டை மறுக்க, கீழ்நிலை ஊழியர் தம் விரதத்தையோ சர்க்கரை நோயையோ எல்லார்முன்னும் சொல்ல வேண்டிவரும். மறுப்பவரிடம் காரணம் கேட்பதே பிழை. 2003-இல் மாதிரிச் சுற்றுலாக் கிராமத் திட்டம் தொடங்கிய கும்பளங்கியில், ஹோம்ஸ்டே நடத்தும் வீடு விருந்தாளியிடம் என்ன சாப்பிடுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்கிறது. காசு தரும் அந்நியருக்குக் கிடைக்கும் கேள்வி, தினமும் அருகில் அமர்ந்து வேலை செய்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

செலவும் உழைப்பும் இதைவிடப் பேசப்படாதவை. 'ஆளுக்கு ஒரு டப்பா, வீட்டில் செய்தது' என்ற விதி சமத்துவம்போலத் தோன்றும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் மேலாளருக்கும் அந்த டப்பாவின் பாரம் ஒன்றல்ல. வேலை முடிந்து படகோ பேருந்தோ பிடித்து வீடு சேர்ந்து, இரவில் அடுப்பின்முன் நிற்பவர் பெரும்பாலும் பெண். விதியே வேண்டாமென்றால் அதே சிலர்தான் ஆண்டுதோறும் சுடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. சம்பளத்துக்கு ஏற்பப் பொதுப் பணம் திரட்டி, விரும்பிச் செய்பவருக்குப் பொருள் வாங்கிக் கொடுப்பதும், பேக்கரி பிஸ்கட்டையும் வெறுங்கையையும் ஒரே மரியாதையோடு ஏற்பதும் இவ்விரண்டுக்கும் இடையே நேர்மையான வழி.

பரிமாற்றம் நடக்கும் நாளை மாற்றுவதும் உதவும். திருச்சபை மரபில் கிறிஸ்மஸ் காலம் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை. ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழாவரை கொண்டாட இடமுண்டு. டிசம்பர் 27-க்குப் பிறகு பரிமாற்றத்தை வைத்தால் இருபத்தைந்து நோன்பும் மண்டல விரதமும் முடிந்திருக்கும். ஜனவரி நடுவில் வரும் மகரவிளக்குக்காக மாலையைக் கழற்றாதவர் சிலர் அப்போதும் இருப்பார்கள்; அவர்களுக்கு முட்டை சேராத குழலப்பம் தனி டப்பாவில் இருந்தால் போதும்.